சொல்லாமல் போக வேண்டிய வீடு

ஊர்க்காவலன் இறந்த ஐந்தாம் நாள், அவர் மகள் வேல்விழி வேலை பார்க்கும் சென்னைக் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் துட்டி கேட்க விஸ்வநத்தத்துக்கு வந்தார்கள்.

வந்த முறையில் ஒரு குறையும் இல்லை. தெருமுனையிலேயே காரை நிறுத்திவிட்டு நடந்து வந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். பந்தலுக்குக் கீழே கிடந்த நாற்காலிகளைத் தொடாமல் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார்கள். மேனேஜர் பாண்டே வடக்கே கான்பூர்க்காரர், கனத்த உடம்பு. புழுக்கத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள, கொடுத்த கடுங்காப்பியைச் சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார். ‘பாண்டே’ என்ற பெயர் வாசலிலிருந்து அடுப்படி போய்ச் சேருவதற்குள் ‘பாண்டி’ ஆகிவிட்டது. “நம்ம பக்கத்து ஆளுதான் போலருக்கு, பம்பாய்ல போயி வளந்திருப்பாக” என்று ஒரு கிழவி தீர்ப்புச் சொன்னாள்.

கிளம்பும்போதுதான் வினை வந்தது. பாண்டே எழுந்தார். வேல்விழியின் அம்மா சண்முகத்தாயின் முன் கைகூப்பிக் குனிந்தார். ஒவ்வொரு எழுத்தையும் தட்டில் எடுத்து வைப்பதுபோல நிறுத்தி நிதானமாகச் சொன்னார்:

“போயிட்டு வர்றோம், அம்மா.”

ஊர்க்காவலனின் அக்கா இருளம்மாள் தலையில் கைவைத்தாள்.

“ஐயையோ! என்ன சொல்லு சொல்லிப்புட்டீகய்யா! எளவு வீட்டுல நின்னுக்கிட்டுத் திரும்பி வர்றேங்கிறீகளே!”

சாவு வீட்டுக்கு வந்தவர்கள் சொல்லிக்கொண்டு போவதில்லை. பேச்சு பாதியில் இருக்கும்போதே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். எங்கே என்று யாரும் கேட்பதும் இல்லை. வருகிறேன் என்று சொன்னால் அடுத்த சாவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடும். இது சிறு பிள்ளைக்கும் தெரியும். பாண்டேக்குத் தெரியாது.

அவர் வேல்விழியின் முகத்தைப் பார்த்தார். கணக்கைச் சரியாகப் போட்ட பையன் டீச்சரைப் பார்க்கிற பார்வை. அந்தப் பார்வையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஏனென்றால் அந்தச் சொல்லை அவருக்குக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான்.

கூட வந்திருந்த ஸ்ரீமதிக்கு விருதுநகர். பருப்புக் கமிஷன் கடை வீட்டுப் பெண். அவளுக்கு எல்லாம் தெரியும். “பெரியம்மா, அவரு வடக்கத்திக்காரரு, தெரியாமச் சொல்லிட்டாரு, மனசுல வெச்சுக்காதீங்க” என்று இருளம்மாளிடம் மளமளவென்று சொல்லிவிட்டு, பாண்டேயைச் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

அன்று சாயங்காலம் சண்முகத்தாய் மூன்று நாளாகப் பேசாத வாயைத் திறந்தாள்.

“நீ இனிமே அந்தக் கம்பெனிக்குப் போக வேண்டாத்தா.”

*

வேல்விழி ஒரே பிள்ளை. பிளஸ் டூ முடித்து இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்குக் காத்திருந்த இரண்டு மாதம் அவளும் அப்பா வேலை பார்த்த பயர் ஆபீசில் பேக்கிங்கில் இருந்தாள். வெடி செய்கிற இடத்தை அந்தப் பக்கத்தில் ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். அதனாலேயே மகள் வேலை பார்க்கும் இடத்தைச் சண்முகத்தாய் ஒரு நாளும் ஆபீஸ் என்று சொன்னதில்லை. கம்பெனி என்பாள். ஆபீஸ் என்றால் காலையில் போகிறவர் சாயங்காலம் திரும்பி வருகிறவரைக்கும் வயிற்றில் நெருப்பு.

ஆபீசுக்குள் நுழைகிறவர்கள் கேட்டிலேயே பீடி, தீப்பெட்டி, சாவி, செல்போன் எல்லாவற்றையும் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட வேண்டும். சாயங்காலம் வாங்கிக்கொள்ள வேண்டும். யாருடைய சாமானாவது வாங்கப்படாமல் கேட்டிலேயே கிடந்தால் என்ன அர்த்தம் என்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

2004இல் கம்பெனியில் சேர்ந்த முதல் நாள், சோழிங்கநல்லூரில் கண்ணாடி மாளிகைபோல நின்ற அந்தக் கட்டடத்தின் கேட்டில், வேல்விழி தன் புதுச் செல்போனை எடுத்து செக்யூரிட்டியிடம் நீட்டினாள். அவள் யோசித்துச் செய்யவில்லை. கை தானாக நீண்டது.

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து கேட்டில் நின்ற தங்கச்சாமி, போனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எந்த ஊரு தாயி?”

“சிவகாசிப் பக்கம். விஸ்வநத்தம்.”

“அதான பாத்தேன். நான் அச்சங்குளம்.” போனை வாங்கி மேஜை இழுப்பறையில் வைத்தார். “சாயங்காலம் மறக்காம வாங்கிக்கிட்டுப் போ.”

மற்ற எல்லோரும் போனோடுதான் உள்ளே போகிறார்கள் என்பதை அவள் கண்டுகொள்ள ஒரு மாதம் ஆயிற்று. “ஏண்ணே சொல்லலை?” என்று கேட்டதற்கு, “நல்ல பளக்கத்த எதுக்குக் கெடுப்பானேன்” என்றார். அதற்குப் பிறகும் அவள் போனைக் கேட்டிலேயே கொடுத்துவந்தாள். டீமில் கேலி செய்தார்கள். “வேலு, உன் போன் வெடிச்சிடுமா?” என்பாள் ஸ்ரீமதி. “வெடிக்காதுன்னு நிச்சயமா தெரிஞ்சப்புறம் கொண்டு வர்றேன்” என்பாள் வேல்விழி.

வேலை டெஸ்டிங். அமெரிக்காவிலுள்ள ஒரு ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்காக எழுதிய மென்பொருள் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்காக இல்லாத மனிதர்களை உண்டாக்கி, அவர்களுக்குப் பிறந்த தேதி போட்டு, பாலிசி எடுக்க வைத்து, பிறகு சாவுத் தேதியும் போட்டு, அவர்கள் குடும்பத்துக்குப் போக வேண்டியது ஒழுங்காகப் போகிறதா என்று பார்ப்பார்கள். மற்றவர்கள் தங்கள் ஆட்களுக்கு டெஸ்ட் ஒன்று, டெஸ்ட் இரண்டு என்று பெயர் வைத்தார்கள். வேல்விழி மட்டும் தன் ஊர் ஆட்களின் பெயர்களாக வைப்பாள். முத்துப்பேச்சி அமெரிக்காவில் மூன்று பாலிசி எடுத்திருந்தாள். மொக்கைச்சாமிக்கு ஒஹாயோவில் வீடு இருந்தது. ஆனால் சாவுத் தேதி போட வேண்டிய ஆட்களுக்கு அவள் ஊர்ப் பெயர் வைத்ததே இல்லை. அவர்கள் வெறும் ஏ, பி, சி.

“உங்க ஊர்ல யாருமே சாக மாட்டாங்களா?” என்று கேட்டாள் ஸ்ரீமதி.

“எங்க ஊர்ல சாவு ரொம்ப மலிவு ஸ்ரீ. இங்கயாவது கொஞ்சம் கிராக்கியா இருக்கட்டும்.”

பாண்டே தமிழ் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஒவ்வொரு நாளும் புறப்படும்போது லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “நான் போறேன்” என்று அறிவிப்பார். ஒரு நாள் வேல்விழி பொறுக்கமாட்டாமல் அவரைத் தடுத்தாள். ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வார்கள். அப்படிச் சொல்லக் கூடாது என்றாள். போயிட்டு வர்றேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்டார். தன் அப்பா ஒரு நாள் காலையில் வாய் தவறி “போறேன்” என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறியதையும், அம்மா தெருவில் ஓடிப் போய் அவரை மறித்துத் திரும்ப வீட்டுக்குக் கூட்டி வந்து, உட்காரவைத்து, ஒரு செம்பு தண்ணீர் குடிக்கவைத்து, புதிதாகப் புறப்படவைத்ததையும் சொன்னாள். அன்று அப்பாவுக்கு ஒரு மணி நேரச் சம்பளம் போயிற்று. அப்பா அதைப் பற்றி முணுமுணுக்கவே இல்லை.

பாண்டே சிரிக்கவில்லை. அந்தச் சொல்லை இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அன்றிலிருந்து டீம் மொத்தத்துக்கும் கேட்கும்படி “போயிட்டு வர்றேன்” என்று சொல்லாமல் அவர் கிளம்பியதில்லை. லிப்டில் பழக்கமில்லாதவர்களிடமும் சொன்னார்.

*

குடும்பத்தாரைக் கூட்டி வரச் சொல்லிக் கம்பெனியில் வருஷத்துக்கு ஒரு நாள் வைத்திருந்தார்கள். பலூன், பாட்டு, பிரியாணி எல்லாம் உண்டு. அந்த நாளில் ஒரு தடவை ஊர்க்காவலன் வந்தார். வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை. கேட்டில் நின்று மடியை அவிழ்த்துப் பீடிக்கட்டு, தீப்பெட்டி, சைக்கிள் சாவி மூன்றையும் தங்கச்சாமியிடம் ஒப்படைத்தார். செருப்பையும் கழற்றப் போனார். தங்கச்சாமிதான் தடுத்தார்.

உள்ளே அவருக்கு எல்லாவற்றையும் காட்டினாள். தானாகத் திறக்கும் கதவு, காப்பி மெஷின், தன்னுடைய நாற்காலி. அவர் தலையாட்டிக்கொண்டே வந்தார். கண் வேறெங்கோ இருந்தது. மாடிப்படிக்குப் பக்கத்தில் இருந்த அவசர வழிக் கதவைத் தள்ளிப் பார்த்தார். இன்னொரு கோடியில் இருந்ததையும் போய்த் தள்ளிப் பார்த்தார்.

“ரெண்டு பக்கமும் வளி இருக்கு. கதவு வெளிய பாத்துத் தெறக்குது. ஒரு அறையில ஆளுகளத்தான் கொஞ்சம் கூடுதலா வெச்சிருக்கான்” என்றார். பிறகு சற்று யோசித்துவிட்டு, “நல்ல கம்பெனித்தா. கேட்டுல ஆளு சரியா இருக்கான்” என்றார்.

பாண்டேயிடம் அதை மொழிபெயர்த்துச் சொன்னபோது, இதுவரை இந்தக் கட்டடத்துக்குக் கிடைத்த சான்றிதழ்களிலேயே இதுதான் பெரியது என்று அவர் ஊர்க்காவலனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

*

2007 தீபாவளி முடிந்து ஆபீஸ்கள் எல்லாம் பூட்டிக் கிடந்த வாரம். ஊர்க்காவலன் முகச்சவரம் செய்துகொண்டு வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார். டீ ஆற்றிக் கொடுத்தவர் திரும்பிப் பார்ப்பதற்குள் தலை தொங்கிவிட்டது. முப்பது வருஷம் வெடிமருந்து அறையில் நின்ற மனிதர், மருந்து வாசனையே இல்லாத ஒரு காலையில், டீயைக் குடிக்காமல் போனார்.

ஆள் ஓடிவந்து சொன்னபோது சண்முகத்தாய் முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்தாளாம். மேற்கே பார்த்தாள், வடக்கே பார்த்தாள். “பொகையக் காணோமே, பின்ன எப்படி?” என்று கேட்டாளாம். பக்கத்து வீட்டு முத்துப்பேச்சி கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறவரைக்கும் அவள் நம்பவே இல்லை. கல்யாணமான நாள் முதல் அவள் பயந்திருந்தது எல்லாம் புகைக்குத்தான். புகையில்லாமல் இது வரும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

சித்தப்பா சண்முகவேல் போன் செய்தார். கேட்டில், மேஜை இழுப்பறைக்குள், போன் அடித்தது. வழக்கமாகத் தங்கச்சாமி எடுப்பதில்லை. ஆனால் விடாமல் திரும்பத் திரும்ப அடித்தது. சிவகாசிப் பக்கத்து ஆளுக்கு அப்படி அடிக்கிற போனின் சத்தம் தெரியும். எடுத்தார். கேட்டார். “பிள்ளைய நாங்க கூட்டியாறோம், மொகம் பாக்காம எடுத்துறாதீக” என்று சொல்லி வைத்தார்.

மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட மேலே ஏறாதவர் அன்று நான்காம் மாடிக்கு வந்தார். நேரே பாண்டேயிடம் போய், பட்டாளத்தில் கற்ற இந்தியில் விஷயத்தைச் சொன்னார். ஸ்ரீமதியையும் சேர்த்து மூன்று பேரும் வேல்விழியிடம் வந்தபோது கீழே கார் நின்றிருந்தது. அவளுடைய கைப்பை ஸ்ரீமதியின் தோளில் இருந்தது. தங்கச்சாமியின் கையில் தன் போனைப் பார்த்ததும் வேல்விழிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஆனால் புரிந்தது தப்பாகப் புரிந்தது.

“எத்தனை ரூம்ணே வெடிச்சது?” என்று கேட்டாள்.

“ரூம் இல்ல தாயி. வெடி இல்ல. டீக்கடையில ஒக்காந்திருக்கும்போது நெஞ்சு வலி.”

“எத்தனை ரூம்ணே?”

தங்கச்சாமி அவள் கைக்குள் போனை வைத்து விரல்களை மூடினார். “அவுக முளுசா இருக்காக தாயி. மொகம் அப்படியே இருக்காம். நீ போயிப் பாக்கலாம்.”

அவளால் அதற்குப் பிறகுதான் அழ முடிந்தது.

அந்த வாரம் அமெரிக்காவுக்கு அனுப்ப வேண்டிய வேலை தலைக்கு மேல் இருந்தது. பாண்டே அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அவள் செய்ய வேண்டியிருந்த டெஸ்டிங்கை அவரே உட்கார்ந்து செய்தார் என்று பிறகு தெரிந்தது. மேனேஜர் ஆனபிறகு அந்த வேலையைத் தொட்டே வருஷங்கள் ஆகியிருந்தனவாம். தப்புத் தப்பாகச் செய்து டீமே சேர்ந்து திருத்தியதாம்.

சென்னையிலிருந்து விஸ்வநத்தம்வரைக்கும் ஸ்ரீமதி அவள் கையை விடவில்லை. விருதுநகரைத் தொட்டபோது, தன் வீட்டுக்குப் போகும் தெருவை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆமத்தூர் தாண்டும்போது வேல்விழி ஒன்று மட்டும் சொன்னாள். “ஸ்ரீ, எங்க தெருவுல இதுக்கு முன்னாடி வெடியில போன நாலு பேரு மொகத்தப் பாக்கக் குடுத்து வெக்கல.”

அப்பா தூங்குகிறவர்போலத்தான் இருந்தார். புதிதாகச் சவரம் செய்த கன்னம் வழவழவென்று இருந்தது. அவள் அதைத் தடவிப் பார்த்தாள். வந்த பெண்கள் எல்லோரும் அதைச் சொல்லித்தான் அழுதார்கள். கொடுத்து வைத்த மனுசன், முழு உடம்பாகப் போகிறார் என்று. வேறு ஊர்க்காரர்களுக்கு அது ஆறுதலாகத் தெரியாது. வேல்விழிக்கு அதுவே போதுமாக இருந்தது.

*

ஆனால் அம்மாவுக்கு எதுவும் போதவில்லை. பாண்டே சொல்லிவிட்டுப் போன சொல் அவளுக்குள் தைத்துக்கொண்டு நின்றது.

“வர்றேன்னு சொல்லிட்டுப் போயிருக்கான்லா. எதுக்கு வருவான்? அடுத்து இந்த வீட்டுல யாரு இருக்கா, நீயும் நானுந்தானே?”

“அம்மா, அவருக்கு அது நான் சொல்லிக் குடுத்தது. நல்ல சொல்லுன்னு நினைச்சுத்தான் சொன்னாரு.”

“நல்ல சொல்லுதான். எடம் தப்பிப்போச்சுல்ல.”

இருளம்மாள் ஒரு வழி வைத்திருந்தாள். “கம்ப்யூட்டருன்னா சிவகாசியில இல்லாததா? காலண்டர் அடிக்கிற பிரஸ்ல எல்லாம் கம்ப்யூட்டருதான். நம்ம வெள்ளைத்துரை மொதலாளி பிரஸ்ல ஒரு வார்த்தை சொன்னா நாளைக்கே ஒக்கார வெச்சுருவாக. காலையில பஸ் ஏறுனா சாயங்காலம் ஆத்தாகிட்ட வந்துரலாம்.”

வேல்விழி மறுத்துப் பேசவில்லை. பிரஸ் வேலை ஒன்றும் கேவலமில்லை. ஆனால் கண்ணை மூடினால் அந்த நான்காம் மாடிதான் வந்தது. ஒருவர் தப்பை இன்னொருவர் கண்டுபிடித்துவிட்டு, கண்டுபிடித்ததற்கு நன்றி என்று தப்புச் செய்தவரே சொல்லுகிற இடம் அது. விஸ்வநத்தத்துப் பெண் ஒருத்தி பேசுவதை அமெரிக்காவிலிருந்து ஏழெட்டுப் பேர் குறுக்கிடாமல் கேட்கிற இடம். அப்பா கதவுகளைத் தள்ளிப் பார்த்து நல்லது என்று சொன்ன இடம். அது கையைவிட்டுப் போகப் போகிறது என்று நினைத்தபோது, அப்பாவை இரண்டாம் தரம் எடுத்துப் போவதுபோல இருந்தது.

ஒரு மத்தியானம் அம்மாவே உள்ளிருந்ததைச் சொல்லிவிட்டாள். முறத்தில் அரிசியை வைத்துக்கொண்டு, கல் பொறுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

“அந்தச் சொல்லுகூடக் கெடக்கட்டும்த்தா. நான் இங்கன ஒத்தையில கெடந்து ஒண்ணுன்னா, ஒன்னக் கூப்புட்டா யாரு எடுப்பா? ஒம் போனு கேட்டுல கெடக்கும். அவுக இருந்தவரைக்கும் ஒன்னய நான் பகல்ல ஒரு தடவ கூப்புட்டது உண்டா? அடிச்சுக்கிட்டே கெடக்கும்னு பயந்துதான கூப்புடல.”

பகல் முழுக்க அடித்துக்கொண்டே கிடக்கும் போனுக்கு அந்த ஊரில் என்ன அர்த்தம் என்று வேல்விழிக்கும் தெரியும். இனிமேல் போனை உள்ளே கொண்டுபோகிறேன் என்றாள். அம்மா தலையை ஆட்டினாள். சரி என்கிறாளா, வேண்டாம் என்கிறாளா என்று தெரியவில்லை.

*

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, கடைசிப் பந்தி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தெருமுனையில் சிவகாசி டவுன் பஸ்ஸிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவர் தங்கச்சாமி. அவருக்குப் பின்னால், தோளில் துண்டு போட்டுக்கொண்டு, வியர்வையில் நனைந்து வந்தது பாண்டே. விருதுநகர்வரைக்கும் ரயிலில் வந்து, லீவில் ஊருக்கு வந்திருந்த தங்கச்சாமியைக் கூட்டிக்கொண்டு, நின்றுகொண்டே பஸ்ஸில் வந்திருக்கிறார்.

இருளம்மாள் எழுந்து நின்றுவிட்டாள். “ஏ தாயி, அந்தப் பாண்டி வந்துட்டான்!”

சண்முகத்தாய் வேல்விழியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தங்கச்சாமி வாசலிலேயே நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகப் பேசினார். “யாரும் பயப்படாதீக. அன்னைக்குச் சொன்ன சொல்லத் தீக்கத்தான் வந்திருக்காரு.”

“என்னத்தத் தீக்கிறது?” என்றாள் இருளம்மாள்.

“வர்றேன்னு வாய் தவறிச் சொல்லிட்டாரு. சொல்லு அந்தரத்துல நிக்கக் கூடாதுல்ல. கெட்டதுக்கு வர்றதுக்கு முந்தி சும்மா ஒருக்கா வந்துட்டுப் போயிட்டா, வர்றேன்னு சொன்ன சொல்லு அத்தோட தீந்துபோகும். இனிமே அதுக்கு வேலை இல்ல.”

“இப்படி ஒரு சாத்திரமா? நான் கேள்விப்பட்டதில்லையே.”

“எங்க அச்சங்குளத்துல உண்டு பெரியம்மா.”

பிற ஊர்ச் சாத்திரத்தை இல்லை என்று சொல்ல இருளம்மாளுக்குத் துணிவில்லை. சண்முகத்தாய் மட்டும் பாண்டேயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல்லைத் தீர்ப்பதற்காக இம்புட்டுத் தூரம் நின்றுகொண்டே வந்த மனுசன். மெதுவாக, “எலையப் போடுங்க” என்றாள்.

பாண்டே சாப்பிட்டார். ரசத்தைக் கையில் வாங்கத் தெரியாமல் முழங்கைவரைக்கும் வழியவிட்டார். பந்தியில் யாரோ சிரித்தார்கள். பதினாறு நாளில் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, வேல்விழியிடம் ஆங்கிலத்தில் தாழ்ந்த குரலில் சொன்னார். அவள் எப்போது வந்தாலும் இடம் இருக்கிறது. சாவுத் தேதி போடுகிற டெஸ்ட்களை எல்லாம் ஸ்ரீமதி தன் பேருக்கு மாற்றிக்கொண்டுவிட்டாள். வேல்விழிக்குப் புதுப் பாலிசி மட்டும்தான். முத்துப்பேச்சிக்கு நாலாவது பாலிசி வேண்டுமாம்.

வேல்விழிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. என்ன சொன்னார் என்று அம்மா கேட்டாள். சொன்னாள். கேட்டுக்கொண்டு சண்முகத்தாய் தங்கச்சாமியிடம் திரும்பினாள்.

“ஏண்ணே, இவ போனு ஒங்ககிட்டதான கெடக்கும்?”

“எங்கிட்டத்தான்.”

“நான் கூப்புட்டா?”

“நான் எடுப்பேன் தாயி. நான் இல்லன்னா இன்னொருத்தன் எடுப்பான். அடிச்சுக்கிட்டே கெடக்க விடமாட்டோம்.”

அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. பேச்சு பந்தல்காரர், வாடகைப் பாத்திரம் என்று வேறெங்கோ போனது. அதன் நடுவில் பாண்டே எழுந்தார். யாரையும் பார்க்கவில்லை. கைகூப்பவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அதைத் தங்கச்சாமி பஸ்ஸிலேயே பழக்கியிருக்க வேண்டும். உதறிய வேகத்தில் பக்கத்தில் இருந்த மொக்கைச்சாமி மூஞ்சியில் பட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு, ஒரு சொல்லும் சொல்லாமல், நெஞ்சு நிமிர்ந்து தெருவில் நடந்தார். அவ்வளவு கவனமாக ஒரு ஆள் சொல்லாமல் போனதை விஸ்வநத்தம் அதற்கு முன் பார்த்ததில்லை.

அவர் நாலைந்து வீடு தாண்டியிருப்பார். சண்முகத்தாய் எழுந்து வாசலுக்கு வந்தாள். அன்றைக்குப் புருசனை மறிக்க ஓடிய அதே தெரு.

“பாண்டித் தம்பி!”

பாண்டே நின்றார். திரும்பலாமா கூடாதா என்று தெரியாமல் அப்படியே நின்றார். தங்கச்சாமி இந்தியில் ஏதோ சொன்ன பிறகுதான் திரும்பினார்.

“காரியம் முடிஞ்சுபோச்சு. இனிமே சொல்லலாம்” என்றாள் சண்முகத்தாய். “பிள்ள திங்கக்கெளம வருவா. நீங்க போயிட்டு வாங்க.”

பாண்டே வேல்விழியைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள்.

“போயிட்டு வர்றேன், அம்மா” என்றார்.

*

திங்கட்கிழமை வேல்விழி போனைக் கைப்பையின் அடியில் போட்டுக்கொண்டுதான் கேட்டுக்கு வந்தாள். உள்ளே கொண்டுபோய்விட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்திருந்தாள். தங்கச்சாமியைப் பார்த்ததும் கை தானாக அதை எடுத்து நீட்டியது.

“குடு தாயி” என்று வாங்கிக்கொண்டார்.

“அண்ணே, அச்சங்குளத்துல அப்படி ஒரு சாத்திரம் நெசமாவே உண்டா?”

“அன்னைக்கு உண்டாச்சுல்ல. இனிமே உண்டு.”

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அவள் கேட்டுப் பக்கம் வந்தபோது, தங்கச்சாமி அவளுடைய போனைக் காதில் வைத்துக்கொண்டு சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

“வந்துட்டா தாயி, நல்லா இருக்கா… இல்ல, இன்னும் சாப்புடல… சொல்றேன்… அங்கன மழை உண்டா?… இங்கயும் காணோம்.”

வேல்விழி கையை நீட்டினாள். அவர் தலையை ஆட்டிவிட்டு, “இரு, ஒங்கம்மா எங்கிட்டத்தான் பேசிக்கிட்டு இருக்காக” என்றார்.

அவள் பக்கத்தில் இருந்த கல்மேல் உட்கார்ந்து, சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். வெயில் நன்றாக இருந்தது. வானம் நாலு பக்கமும் சுத்தமாக இருந்தது. பேச்சு முடிகிறவரைக்கும் அவள் காத்திருந்தாள்.